வெயிலுகந்தாள் வீசிய கல்

வெயிலுகந்தாள் நெஞ்சில் குண்டு வாங்கிச் செத்த அன்று அவள் கையை விட்டுப் புறப்பட்ட கல் கீழே விழவில்லை. ஆனைப்பொத்தை குவாரி வாசலுக்கு முன்னால், தார் ரோட்டுக்கு மேலே ஏழடி உயரத்தில், எதிலும் தொங்காமல், எதன்மேலும் உட்காராமல் அப்படியே நின்றது, பதினோரு வருடம் நின்றது, அந்தப் பதினோரு வருடமும் அவளுடைய மகனும் மகளும் அவளுக்குக் கருமாதி செய்ய முடியாமல் தீட்டோடு கிடந்தார்கள், அந்தத் தீட்டைக் கழிக்க இரண்டு ஆட்கள் கொல்லப்பட்டார்கள், மூன்றாவது ஆளுக்கும் நாள் குறித்தாயிற்று. இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. கல் உடைப்போர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் செயலாளராக இருந்தவன் நான். மூன்று முறை மண்டை உடைந்தவன், ஐந்து முறை சிறைக்குப் போனவன், ஒரு முறைகூட மன்னிப்புக் கடிதம் எழுதாதவன்.

வெயிலுகந்தாள் ஜல்லி உடைப்பவள். ஒன்றரை இஞ்சு என்றால் ஒன்றரை இஞ்சுதான். அவள் குவியலுக்குச் சல்லடை வேண்டாம் என்று மேஸ்திரியே சொல்வான். அவள் புருஷன் குழிக்குள் வெடிக்குத் துளை போடுகிறவன். ஒரு நாள் பகலில் எச்சரிக்கைச் சங்கு ஊதாமல் வெடி வைத்தார்கள். பொத்தைக் குன்றின் தெற்கு முகம் மொத்தமாக இறங்கி மூன்று ஆட்களை மூடிற்று, அதில் அவன் ஒருவன். மறுநாளே வேலைநிறுத்தம். எங்கள் கோரிக்கைகள் ஐந்து, முதல் கோரிக்கை, பாறையை நகர்த்தி மூன்று உடல்களையும் எடுத்துக் கொடு என்பது. முதலாளி நாவலிங்கம் மற்ற நான்கைப் பற்றியும் பேசத் தயாராக இருந்தார், முதலாவதைப் பற்றி மட்டும் பேசமாட்டேன் என்றார். பாறையை நகர்த்த ஆறு மாதம் ஆகும், ஆறு மாதம் குவாரி நின்றால் நானும் அதற்கடியிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

நாற்பது நாள் நின்றோம். நாற்பதாவது நாள் ஊரில் அடுப்புப் புகை எழுந்த வீடுகளை விரலால் எண்ணலாம். கிழங்கு தோண்டப் போன பிள்ளைகள் மண்ணைத் தின்று வயிறு வீங்கி வந்தன. அன்று நான் மட்டும் உள்ளே போனேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, வாசலில் நின்ற லாரியின் பானெட்டில் ஏறி, சங்கு உண்டு, வெடிநேரத்தில் குழிக்குள் ஆள் கிடையாது, வேலைநீக்கம் ரத்து, பெண்களுக்கு நிழற்கொட்டகை உண்டு, நாலு கோரிக்கையில் நமக்கு வெற்றி என்றேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆனைப்பொத்தையில் வெடிக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஐந்தில் நாலு வாங்கியவனைத் துரோகி என்று சொல்ல, ஒன்றுகூட வாங்கத் தெரியாதவர்களுக்கு வாய் வரக்கூடாது.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற வெயிலுகந்தாள், "முதலாவது?" என்று கேட்டாள்.

"அது பிறகு," என்றேன்.

"பிறகுன்னா? அவரு அங்கன கெடந்து சங்குச் சத்தம் கேட்டுக்கிட்டிருக்கவா?"

அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், கை பின்னால் போயிற்று. வாசல் தூண் பக்கத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்ற பலவேசம் முதலாளியின் ஆள். ஓங்கிய கையைப் பார்த்தான், சுட்டான். இரண்டு குண்டும் அவள் நெஞ்சுக்குள் போயின. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பலவேசமும் இன்ஸ்பெக்டரும் வாசலில், முதலாளி வாசலுக்கு உள்ளே ஆபீஸ் படியில், நான் அவர்கள் எல்லாருக்கும் முன்னால் பானெட்டின் மேல். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நாலு பேரும் ஒரே திசை. ஆனால் அவள் கண் என் மேல்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கல் பாதி வழியில் நின்றதையும் பார்த்தேன். பிறகு பானெட்டிலிருந்து குதித்து ஓடினேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய், "முதலாளித்துவத்தின் முகத்தில் கல்லெறிந்த வீரத்தாய்" என்று தலைப்புப் போட்டு இரண்டாயிரம் நோட்டீசு அடித்தேன். குறி முதலாளி, துப்பாக்கிக்காரன், இன்ஸ்பெக்டர் என்ற மும்மூர்த்திகள் என்று எழுதினேன். நல்ல தமிழ். படித்தவர்கள் அழுதார்கள்.

பிணத்தை அடக்கம் செய்த பிறகு, சலூன் கடையும் வைத்துச் சாவுச் சடங்கும் செய்கிற நயினார் வந்து கல்லை அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கத்து வழக்கம் இது: செத்தவருக்கு ஒரு கல் நட்டு, அதுதான் அவர் என்று எண்ணி எண்ணெயும் பாலும் ஊற்றி, பதினாறாம் நாள் பிடுங்கி மூத்தமகன் தண்ணீரில் போட வேண்டும். போட்டால்தான் செத்தவர் போனதாக அர்த்தம், மகன் முகம் மழிக்கலாம், வீட்டில் விளக்கேற்றலாம், நல்லது கெட்டதுக்குப் போகலாம்.

"நடுறதுக்குக் கல்லு எடுத்துட்டு வரட்டா?" என்று மகன் தளவாய் கேட்டான். அவனுக்கு அப்போது வயது பதினெட்டு.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லு கெடையாது," என்றார் நயினார். "உங்க அம்மை அவ கல்லை அவளே நட்டுட்டா. என்ன, மண்ணுல நடாம ஆகாசத்துல நட்டுட்டா. அது எறங்கட்டும், நான் வாரேன்." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்லை இறக்க ஊர் எல்லாம் செய்து பார்த்தது. பத்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்தது. கொல்லன் சம்மட்டியால் அடித்தான், சம்மட்டி பிளந்து அவன் முழங்காலில் விழுந்தது. போலீசார் அதை வழக்குப் பொருளாகப் பதிவு செய்து, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முடியாததால் அடியில் ஒரு கான்ஸ்டபிளைக் காவல் வைத்தார்கள். அந்த ஆள் இரண்டு வருடம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு, கல்லுக்கும் தந்திக்கம்பத்துக்கும் நடுவே கொடி கட்டி யூனிஃபார்ம் காயப்போட்டான். பஸ் நிற்கும் இடத்துக்குக் 'கல் ஸ்டாப்' என்று பெயர் வந்தது. மின்வாரியம் கம்பத்தைத் தள்ளி நட்டது, வைக்கோல் லாரிக்காரர்கள் வண்டியை ஒதுக்கி ஓட்டினார்கள். ஒரு கட்சி தன் நிறத்தை அதற்குப் பூசியது, மற்றக் கட்சி அதன் மேல் பூசியது, தேர்தலுக்குத் தேர்தல் பெயின்ட் ஏறி ஒன்றரை இஞ்சு கல் மாங்காய் அளவு ஆயிற்று. பொய்ச்சத்தியம் செய்கிற ஆம்பிளைகளைப் பொம்பிளைகள் மயிரைப் பிடித்து இழுத்துவந்து அதற்கடியில் நிறுத்தினார்கள். மழை பெய்தால் ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் நனையாது, நாய் அங்கே மூக்கை வைத்துப் படுத்திருக்கும். ஒரு வருடத்துக்குள் வெளியூர்க்காரன் யாராவது அண்ணாந்து வாயைப் பிளந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், "ஏன், உங்க ஊர்ல கல்லே கெடையாதா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பழகாதவர்கள் மூன்று பேர். நான் அந்த ரோட்டில் நடப்பதை விட்டுவிட்டேன். சங்க ஆபீசுக்குக் குளத்துக்கரை சுற்றித்தான் போவேன். சிலர் கவனித்தார்கள், வீரத்தாயின் நினைவை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

மற்ற இருவர் அவளுடைய பிள்ளைகள். தளவாயின் தாடி நெஞ்சைத் தாண்டி வளர்ந்தது. பன்னிரண்டு வயசில் தாயை இழந்த ஆவுடைக்குத் தலையில் எண்ணெய் கிடையாது, வீட்டில் விளக்கு கிடையாது, தீட்டு வீடென்று யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, பெண் கேட்டும் வரவில்லை. அழக்கூடத் தெரியாமல் போயிற்று அவர்களுக்கு. செத்தவள் இன்னும் போகவில்லையே, யாருக்காக அழுவது? அழுகைக்குப் பதிலாக அடித்துக்கொண்டார்கள். அவன் சோற்றுப்பானையை அவள் மேல் எறிவான், அவள் அவன் கையைக் கடித்துச் சதையைத் துப்புவாள். ஒரு தடவை அவள் ஒன்று சொன்னாள், அதற்கு அவன் அவளுடைய முன்பல் இரண்டையும் உடைத்தான். அவள் சொன்னது இதுதான்:

"ஏ, படியில கீழ நின்னவனுக்கு எறிஞ்சா கல்லு தாழப் போவணும். அந்தக் கல்லு மூஞ்சி மேல பாத்துல்லா நிக்கி. அம்மை ஜல்லி உடைக்கிறவ, அவளுக்குக் குறி தெரியாதா? பானெட்டு மேல நின்ன ஆளுக்குத்தான் எறிஞ்சிருக்கா."

"அண்ணாச்சி நோட்டீசுல போட்டிருக்காருட்டி! அச்சுல இருக்கு! அச்சு பொய் சொல்லுமா?"

எங்கள் ஊரில் எழுத்து தெரிந்த முதல் தலைமுறை அவனுடையது. சங்கத்து நோட்டீசுகளை எழுத்துக்கூட்டிப் படித்தே படிப்பு வந்த ஜனங்கள். வாயால் சொன்னதை மறுப்பார்கள், சாமி வந்து சொன்னதையும் மறுப்பார்கள், அச்சிலே வந்ததை மறுக்கமாட்டார்கள். இந்த நம்பிக்கையை வளர்த்தது நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

கல் குறிவைத்த ஆள் செத்தால் அது இறங்கிவிடும் என்று நம்பி, மூன்றாம் வருடம் தளவாய் துப்பாக்கிக்காரன் பலவேசத்தைக் கிணற்றடியில் வைத்து வெட்டினான். முதல் வெட்டில் துப்பாக்கி பிடித்த கை விழுந்தது. மிச்சத்தைச் சாவகாசமாகச் செய்தான். பிறகு முழங்கைவரை ரத்தத்தோடு ரோட்டுக்கு ஓடிவந்து, கல்லுக்கு அடியில் நின்று, பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையையும் ஏந்தினான். கல் இறங்கவில்லை. பொழுது சாய்கிறவரை ஏந்தியபடியே நின்றான். விசாரணையில் ஊரே ஒரே சாட்சி சொன்னது: எல்லாரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆளைப் பார்க்கவில்லை. விட்டுவிட்டார்கள்.

நாவலிங்கம் பயந்து, கல்லுக்குக் கீழே வராமல் போகத் தனக்கென்று வடக்கே ஒரு பாதை வெட்டிக்கொண்டார். ஏழாம் வருடம் அந்தப் பாதையிலேயே பாறாங்கல்லை உருட்டிக் காரை மறித்து, தாயின் ஜல்லிச் சுத்தியலால் தளவாய் அவரை முடித்தான். அம்மை எப்படி உடைப்பாளோ அப்படி உடைத்தான் என்று பிணத்தைப் பொறுக்கியவர்கள் சொன்னார்கள். மறுபடியும் ஓடிவந்து கை ஏந்தினான். கல் இறங்கவில்லை. இந்தத் தடவை ஓடவுமில்லை ஒளியவுமில்லை, போலீஸ் ஜீப் வருகிறவரை ஏந்திய கையோடு நின்று, "இன்னும் ஒரு ஆளு இருக்கான், இன்னும் ஒரு ஆளு இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். ஆயுள் தண்டனை. சிறையில் தாடியை மழிக்க வந்த மூன்று வார்டர்களில் ஒருவனுக்குக் காது போயிற்று, அதன் பிறகு யாரும் அந்தத் தாடியைத் தொடவில்லை.

இரண்டு தடவையும் நான் இரங்கல் கூட்டம் நடத்தவில்லை, கண்டனக் கூட்டமும் நடத்தவில்லை. உழைப்பாளியின் கோபத்தை எடைபோட நான் யார் என்று எழுதினேன். நோட்டீசு அடித்தேன்.

முதலாளி போனபின் வாரிசுகள் குவாரியைப் பூட்டினார்கள். மோட்டார் நின்றது, குழியில் ஊற்றும் மழையும் நிறைந்து, பாறையையும் பாறைக்கடியில் கிடந்த மூவரையும் மூடிக்கொண்டு பச்சைத் தண்ணீர் நின்றது. வாசல் கேட்டை யாரோ பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

பதினோராம் வருடம் ஒரு காலையில் ஆவுடை சங்க ஆபீசுக்கு வந்தாள். இருபத்துமூன்று வயசு, செம்பட்டை முடி, பேசும்போது பல் போன இடத்தில் காற்று வரும்.

"அண்ணன் பரோல்ல வாரான். பத்து நாளு. நாளைக்குக் காலம்பற பஸ்ஸுல."

"சந்தோசம்மா."

"என்ன சந்தோசம்? இன்ஸ்பெக்டரு ரிட்டயராகி மேலத்தோப்புல கோழி வளக்காரு. பேத்தி பொறந்திருக்கு. அண்ணன் அருவாளு தீட்டி வைக்கச் சொல்லி ஆள் விட்டிருக்கான்."

ஆபீசில் பழைய நோட்டீசுக் கட்டுகளைக் கரையான் தின்கிற சத்தம் கேட்டது.

"மூணாவது ஆளும் செத்து, கல்லும் எறங்கலைன்னு வையிங்க, அவன் அப்புறம் யாருக்காகக் கை ஏந்துவான்? கழுத்துல கயித்தைப் போட்டுக்குவான். அம்மைக்கும் கருமாதி கெடையாது, அவனுக்கும் கெடையாது. நான் மட்டும் அந்தத் தீட்டு வீட்டுல உக்காந்து கெழவியாவணும்." அவள் குரல் ஏறவே இல்லை. "நீங்க ஏன் குளத்துக்கரை சுத்திப் போறியன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஊர்க்காரங்க நெனைக்கிற காரணம் இல்ல."

"அந்த ஒப்பந்தம் சரிதாம்மா. நாற்பது நாள். பிள்ளைகள் மண்ணைத் தின்றன."

"நானும் தின்னேன். எங்க அம்மையும் பாத்தா. ஒப்பந்தம் தப்புன்னு அவ எறியல." ஆவுடை எழுந்தாள். "பிறகுன்னு சொன்னியள்லா, அதுக்கு எறிஞ்சா. அவகிட்ட முன்னாலயே வந்து, 'ஒன் புருசனை விட்டுக்குடுத்துட்டேன் தாயி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒருவேளை அழுதிருப்பா. வெற்றின்னுல்லா சொன்னிய."

இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

மறுநாள் காலையில், பதினோரு வருடத்துக்குப் பிறகு நான் அந்த ரோட்டில் நடந்தேன். ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்றை உருட்டி, அன்றைக்கு லாரி நின்ற இடத்தில் நிமிர்த்தி, அதன் மேல் ஏறினேன். டீக்கடையிலிருந்து கிளாசோடு வந்தார்கள். "என்ன அண்ணாச்சி, எலெக்சனா?" என்றான் ஒருவன். "எதுக்கு இந்த வயசுல டிரம்மு மேல ஏறணும், விழுந்தா எலும்பு கூடாதுல்லா?" என்றாள் ஒருத்தி. நயினார் சலூன் வாசலில் கத்தியைத் தோல்வாரில் தீட்டுவதை நிறுத்தினார். கல் என் முகத்துக்கு நேரே, பத்தடி தூரத்தில் நின்றது. அதை எதிரே நின்று பார்த்தது அன்றுதான். பெயின்ட்டுக்குள்ளிருந்து ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டு, சரியாக என்னைப் பார்த்தது.

பஸ் வந்தது. தளவாய் இறங்கினான். தாடி தொப்புளைத் தொட்டது. ஆவுடை அருவாளை அவன் கையில் கொடுத்தாள், என் பக்கம் கை காட்டினாள்.

தொண்டையைச் செருமினேன். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல் என்னுடையது, அதில் மிச்சமிருந்ததை எல்லாம் எடுத்தேன்.

"முதல் கோரிக்கையை விட்டுக்கொடுத்தது நான். முதலாளி கேட்டார், நான் கொடுத்தேன். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் பிறகு என்று பொய் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துத்தான் எறிந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு ஓடினேன். நோட்டீசில் போட்டது பொய்."

தளவாய்க்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அறுக்கும்போது மாடு போடுமே அந்தச் சத்தம், அருவாளை ஓங்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான்.

அவனைவிட அவன் தாய் முந்திக்கொண்டாள்.

கல் பாதியில் விட்ட வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தது. பதினோரு வருடத்துப் பெயின்ட் தேங்காய் ஓடு மாதிரி காற்றில் தெறித்தது. தாடையில் அடித்தது. எலும்பு உடைந்த சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, மண்டைக்குள் கேட்டேன். டிரம்மிலிருந்து பின்பக்கமாக விழுந்தேன். வாயிலிருந்து பற்களும் ரத்தமும் நாக்கின் ஒரு துண்டும் ரோட்டில் கொட்டின. தளவாய் என் நெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து அருவாளை உயர்த்தினான்.

"வெட்டுடா," என்று சொல்லப் பார்த்தேன். வாய் இல்லை.

ஆவுடை ரோட்டில் தேடி, பற்களுக்கு நடுவிலிருந்து ஒன்றரை இஞ்சுக் கல்லைப் பொறுக்கினாள். முந்தானையில் துடைத்தாள். அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மை இம்புட்டுத்தான் அடிச்சிருக்கா. உசிரை எடுக்கணும்னா நெத்தியில அடிச்சிருப்பா, அவளுக்குத் தெரியாதா? அவ அடிச்சதுக்கு மேல அடிக்க நீ யாரு?"

அருவாள் உயர்ந்தபடியே நின்றது, பதினோரு வருடம் கல் நின்ற மாதிரி. பிறகு அது அவன் கையிலிருந்து என் காதோரமாக விழுந்து கணீரென்றது. அவன் இரண்டு கையையும் ஏந்தினான். ஆவுடை கல்லை அதில் வைத்தாள். அது இன்னும் சுடுகிறது போல, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டே, "எம்மா, எம்மா" என்று அவன் ரோட்டில் உட்கார்ந்து அழுதான். அவளும் உட்கார்ந்தாள். பிறந்த பிள்ளைகள் அழுகிற மாதிரி, நிறுத்தத் தெரியாமல் அழுதார்கள்.

நயினார் பையோடு வந்துவிட்டார். "ஏ, இந்த மனுசனை யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கப்பா," என்றார்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு, இரண்டு பேர் தாங்க, அவர்கள் கூடவே போனேன். கல்லை ஒரு நாழிகை மண்ணில் நட்டார்கள், எண்ணெய் வைத்தார்கள், பால் ஊற்றினார்கள். நயினார் தளவாயின் தாடியை மழித்தார். உள்ளே பதினெட்டு வயசு முகம் அப்படியே இருந்தது. அண்ணனும் தங்கையும் கல்லைப் பிடுங்கிக் குவாரிக் குட்டையின் விளிம்புக்குப் போனார்கள். கீழே பச்சைத் தண்ணீர், அதற்கும் கீழே பாறை, பாறைக்கும் கீழே அவர்கள் அப்பன். தளவாய் திரும்பி நின்று தோளுக்கு மேலாகக் கல்லைப் போட்டான். விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. ஊர் முழுவதும் அதற்காகக் காத்து நின்றது. கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.

பத்து நாளும் அவன் வீட்டிலேயே இருந்தான். மேலத்தோப்புப் பக்கம் போகவில்லை. பரோல் முடிந்து பஸ் ஏறும்போது, கட்டுப்போட்ட தாடையோடு ஓரமாக நின்ற என்னிடம் வந்தான்.

"ஓய் அண்ணாச்சி. நீரு வாயால சொன்னதைக் கேட்டேன். கல்லு அடிச்சதையும் பாத்தேன். ஆனாலும் ராத்திரி முழிப்பு வந்தா, நோட்டீசுதான் கண்ணு முன்னால நிக்கி. ரெண்டு பேரை அதை நம்பி முடிச்சிருக்கேன். அச்சுல போடும் ஓய். அச்சுல போட்டு ஜெயிலுக்கு அனுப்பும்."

அதனால்தான் இந்த நோட்டீசு. தாடை கூடவில்லை, இனி மேடை இல்லை, பேச்சு இல்லை, கை மட்டும் இருக்கிறது. தளவாய் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், ஆகவே கடைசி வரியைப் பெரிய எழுத்தில் கோக்கும்படி அச்சகத்தில் சொல்லியிருக்கிறேன்.

உன் தாய் அந்தக் கல்லை எனக்குத்தான் எறிந்தாள். குறி தப்பவில்லை.